ஒரு சீப்புப் பழமும் ஐந்து வாக்ஓவரும்

"அங்கிள், நீங்க அஞ்சு வருஷம் ஹெவிவெயிட் சாம்பியன். அது சரி. ஆனா அந்த அஞ்சு வருஷத்துல நீங்க யாரை அடிச்சீங்க?"

அழகமுத்துவின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்த மீன் பணிஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

கேட்டவள் துஷ்யந்தி. நூலகத்தில் வேலை. மலைநாட்டுக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஐம்பதாவது ஆண்டு மலருக்கு ஆசிரியரும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை விழா. அதில் அழகமுத்துவுக்குப் பொன்னாடை, மலரில் நான்கு பக்கம், நடுப்பக்கத்தில் கால்சட்டையோடு ஒரு படம். அந்தப் படத்தில் அவருடைய நெஞ்சின் அகலத்துக்குக் கண்டிக் குளத்தையே இரண்டாக மடித்து வைக்கலாம்.

"அடிக்கலையா? எத்தனையோ பேரை..." என்று ஆரம்பித்தவர், அவள் மடியில் இருந்த பழைய பதிவுப் புத்தகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டார்.

"அஞ்சு வருஷமும் வாக்ஓவர், அங்கிள். உங்க வகுப்புல உங்களத் தவிர வேற ஆளே இல்ல. ஆனா கீழ் வகுப்புல பாருங்க. சிறைச்சாலை சார்ஜன்ட், லொறி டிரைவர், கல்லுடைக்கிற ஒருத்தர், எல்லாம் மலை மாதிரி ஆளுங்க. அவங்க அத்தனை பேரையும் அடிச்சது ஹபீல் அங்கிள். நீங்களும் அவரும் மட்டும் ஒரு தடவையும் மோதல. 'சாம்பியன் நழுவினாரா?'ன்னு தலைப்புப் போடலாம்னு இருக்கேன். கேள்விக்குறி போடுவேன், பயப்படாதீங்க."

"கேள்விக்குறி போட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்றார் அழகமுத்து.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சுந்தரியின் குரல் வந்தது. "நல்லா கேளும்மா. நாப்பது வருஷமா அந்தக் கோப்பையைத் துடைக்கிறது நான். அது எதுக்குக் குடுத்ததுன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அழகமுத்து யோசித்தார். செத்தவர் வாயில் ஈ புகலாம், வார்த்தை வெளியே வராது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்:

"யார் எந்த வகுப்புன்னு முடிவு பண்றது நானாம்மா? எடை போட்டவர்தான். எண்பத்தொண்ணுக்கு மேல இருந்தா ஹெவிவெயிட், கொறஞ்சா கீழ. ஹபீல் ஒவ்வொரு வருஷமும் கொறஞ்சு போனான். அதுக்குச் சாட்சி ராக்கையா கணக்கப்பிள்ளை. பாவம், அவர் செத்து மூணு வருஷம்."

"அவரோட சம்சாரம் இருக்காங்களே, வடிவம்மா! ஹுன்னஸ்கிரியவுல. அவங்களக் கூப்பிட்டுடறேன் அங்கிள். அருமையான யோசனை!"

துஷ்யந்தி எழுந்து போய்விட்டாள். அழகமுத்து மிச்சப் பணிஸைக் காக்கைக்குப் போட்டார். சாப்பாட்டை அவர் காக்கைக்குப் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சங்கதி இதுதான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்கு இரண்டு சோடிக் கையுறையும் ஒரு மணியும்தான் சொத்து. எடை பார்க்கத் தராசும் இல்லை, தராசு தெரிந்த ஆளும் இல்லை. ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கிற ராக்கையா கணக்கப்பிள்ளையைத் தராசோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அது கொக்கித் தராசு. மாகாணத்தின் மாவீரர்கள் எல்லாரும் கால்சட்டையோடு வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கொக்கியைப் பிடித்துத் தொங்கவேண்டும். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், உதடு அசையும், ஒரு எண்ணைச் சொல்வார், தன் கொப்பியில் எழுதுவார். அவர் சொன்னதுதான் எடை. முள்ளை எட்டிப் பார்க்கப் போனவனுக்குக் கிடைத்த முறைப்பில் அவனுக்கே ஒரு கிலோ குறைந்திருக்கும்.

முதல் வருஷம் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், ஹபீல் பயிற்சி செய்வதை அழகமுத்து ஒளிந்திருந்து பார்த்தார். ஹபீல் ஒரு குத்து விட்டான். மணல் மூட்டை வெடித்தது. கண்டியில் அன்றிலிருந்து மூன்று நாளைக்கு மணல் மழை பெய்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அழகமுத்துவின் மூக்கு அவருடைய அம்மா கொடுத்த மூக்கு. அதற்கு மாற்று மூக்கு எந்தக் கடையிலும் கிடையாது.

மறுநாளே ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு பஸ் ஏறினார். கணக்கப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் அவர் மனைவி வடிவம்மாவிடம் பழத்தைக் கொடுத்து, "ஹபீலை மட்டும் எண்பத்தொண்ணுக்குக் கீழ போடச் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினார். போட்டி நாள் வந்தது. எண்பத்து நான்கு கிலோ ஹபீலை எழுபத்தொன்பது என்றார் கணக்கப்பிள்ளை. கடைத் தராசில் தொண்ணூறு கிலோ இருந்த அழகமுத்து எண்பத்தைந்து ஆனார். பயத்தில் வேர்த்தே ஐந்து கிலோ போய்விட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

ஐந்து வருஷம், ஐந்து சீப்பு, ஐந்து கோப்பை. அந்தக் கோப்பையைக் காட்டித்தான் மாநகர சபையில் வேலை கிடைத்தது. அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் சுந்தரியின் அப்பா பெண் கொடுத்தார். ஏமாற்றப்பட்ட ஹபீலோ உயிர் நண்பன் ஆகிவிட்டான். கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறான். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவான். நாற்பது வருஷமாக ஒவ்வொரு வட்டிலப்பத்தையும் அழகமுத்து குற்ற உணர்ச்சியோடுதான் தின்றார். ஆனாலும் மிச்சம் வைத்ததில்லை.

இப்போது வடிவம்மா மேடை ஏறினால் ஹபீலும் போய்விடுவான், வட்டிலப்பமும் போய்விடும், சுந்தரி முன்னால் தலையும் போய்விடும்.

அவர் துஷ்யந்திக்குப் போன் போட்டார்.

"யம்மாடி, அந்த வடிவம்மாவைக் கூப்பிட வேணாம்மா. வயசான பொம்பள. அவ்வளவு வளைவு ரோட்டுல பஸ்ஸுல வந்தா என்னத்துக்கு ஆகும்? பாவம்."

மறுமுனையில் துஷ்யந்தி மூக்கை உறிஞ்சினாள். "அங்கிள், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! எனக்கு இது தோணவே இல்ல. பஸ் வேணாம், நான் வேனே அனுப்பிடறேன். அவங்களையே பிரதம விருந்தினராவும் போட்டுடலாம். அவங்க கையாலயே உங்களுக்குப் பொன்னாடை. நிறைய பேசவும் சொல்றேன்!"

அழகமுத்து போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை, "பல்லு டாக்டரைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"உங்களுக்கு இருக்கிறதே கட்டுப் பல்லு" என்றாள் சுந்தரி.

"அதைத்தான் பாக்கணும்னாரு."

சந்தையில் ஒரு சீப்புக் கதலி வாங்கினார். பழக்கதோஷம். மகியங்கனை பஸ்ஸில் ஏறினார். "இஸ்ஸரட்ட யன்ன, இஸ்ஸரட்ட யன்ன" என்று சிங்களத்தில் முன்னால் போகச் சொல்லி, கொண்டக்டர் தள்ளித் தள்ளியே அவரைத் தெல்தெனிய வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, ஆட்டோ பிடித்து, தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பழத்தில் பாதி நசுங்கியிருந்தது.

வடிவம்மாவின் வீட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான் ஹபீல்.

அறுபத்தேழு வயதில் அழகமுத்து இவ்வளவு வேகமாகக் குனிந்தது அன்றுதான். ஆனால் அவர் குனிந்து ஒளியக்கூடிய அளவில் தேயிலைச் செடி இலங்கையிலேயே கிடையாது.

"மச்சான்! நீ எங்க இங்க?" என்றான் ஹபீல். அவன் கையில் இருந்த பெரிய பிஸ்கட் டின் முதுகுக்குப் பின்னால் போனது.

"நானா? பல்லு டாக்டர்... நீ?"

"நான் சும்மா வந்த மச்சான். காத்து வாங்க. இங்க நல்ல காத்து ஈக்கி தானே."

நாற்பது வருஷ நண்பர்கள் இருவரும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வீட்டிலிருந்து பிரேமிளா என்கிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"வடிவம்மா பெரியம்மாவையா தேடுறீங்க? மடுவத்துல பாருங்களேன். அங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்னு போனாங்க."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. இருவரும் முந்திக்கொண்டு ஓடினார்கள். ஹெவிவெயிட் வரலாற்றிலேயே அவர்கள் இருவரும் நேருக்கு நேர் போட்டி போட்டது அந்த இருநூறு கெஜத் தூரம்தான். வடிவம்மா அங்கே இல்லை. கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் வரிசையில் நின்று நிறுக்கிறவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூணுன்னு கழிக்கிறீங்களே, கண்ணத் தொறந்து பாருங்கய்யா! இது கூடையா? சாக்கு! வெயில் கொளுத்துது, எங்க இருக்கு ஈரம்?"

"அது எப்பவும் கழிக்கிறதுதான். அடுத்த ஆளு வா."

இந்தச் சண்டையைக் கேட்க இருவருக்கும் நேரமில்லை. திரும்பவும் லயத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். பிரேமிளா சிரித்தாள்.

"அடடா, இப்பத்தான் வேன் வந்து ஏத்திட்டுப் போகுது. கண்டியில மக வீட்டுல தங்கிட்டு நாளைக்கு மேடைக்குப் போவாங்களாம். யாரோ ஒரு பெரிய மனுசன் பஸ்ஸுல வரக்கூடாதுன்னு சொல்லி வேன் அனுப்ப வச்சாராம். நல்லா இருக்கணும் அவரு."

அந்தப் பெரிய மனுசன் வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மேடையில என்ன பேசப் போறாங்களாம்?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"ஒரு வாரமா பேசிப் பழகுறாங்களே. பழத்தைப் பத்தியாம்."

அழகமுத்துவின் கண் இருண்டது.

"அப்புறம் பிஸ்கட்டைப் பத்தியும்."

இருண்ட கண் மெல்லத் திறந்தது. பழம் சரி. பிஸ்கட் எங்கிருந்து வந்தது? அவர் திரும்பி ஹபீலின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். ஹபீல் அவருடைய மடியில் நசுங்கிக் கிடந்த கதலிச் சீப்பைப் பார்த்தான்.

ஹபீல் பிஸ்கட் டின்னை மெல்ல முன்னால் கொண்டுவந்தான்.

"நீயுமா?" என்றார் அழகமுத்து.

"ஓ."

"உனக்கு என்னடா பயம்? மணல் மூட்டைய வெடிக்க வச்ச ஆளு நீ!"

"அது எலி கடிச்ச மூட்டை மச்சான்! தொட்டாலே கொட்டும்." ஹபீல் படியில் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ சப்பாத்துக் கட்ட வாங்குல உக்காந்தாய், வாங்கு ரெண்டா முறிஞ்சி போன. நான் கண்ணால கண்ட. இவன்ட கைல மாட்டினா நம்மட உம்மா என்ட மையத்தைத்தான் காணுவாண்டு நெனச்ச. அடுத்த நாளே பிஸ்கட் டின்னோட இங்க வந்த. 'என்னைக் கொறச்சிப் போடச் செல்லுங்க'ண்டு அந்தம்மாக்கிட்ட அழுத."

"அந்தப் பெஞ்சு ஏற்கெனவே முறிஞ்சதுடா. ஆணி இல்ல."

"ஒவ்வொரு பெருநாளைக்கும் உனக்கு வட்டிலப்பம் அனுப்பினது ஏன்டு நெனச்சாய்? உன்ட சண்டையைக் களவெடுத்த பாவத்துக்குத்தான் மச்சான்."

"நான் அதைத் தின்னதும் அந்தப் பாவத்துக்குத்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் லயத்துக் கூரைத் தகரம் நான்கு பறந்ததாகப் பிரேமிளா பிற்பாடு சொன்னாள். சிரித்து முடித்த பிறகுதான் நாளைய தினம் நினைவுக்கு வந்தது.

"அந்தம்மா சொல்லி மத்தவங்க கேக்கிறதுக்கு முந்தி நாமளே சொல்லிடுவோம். அப்பயாச்சும் கொஞ்சம் மானம் மிஞ்சும்" என்றார் அழகமுத்து.

"ரெண்டு பேரும் சேந்தா?"

"சேந்துதான். அடி வாங்குறதுன்னா இந்த ஒரு தடவையாவது ஒண்ணா ரிங்குல நின்னு வாங்குவோம்."

பழத்தையும் பிஸ்கட்டையும் பிரேமிளாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுந்தரி, மாம்பழ மஞ்சளில் சேலை. மேடையில் நடுக்கதிரையில் புதுக் கண்ணாடியோடு வடிவம்மா, மடியில் ஒரு துணிப்பை. பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எழும்புவதற்குள் அழகமுத்து பாய்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையிலேயே அவர் முதல் மணிக்கு முந்திக்கொண்டது அப்போதுதான்.

"இந்தப் பொன்னாடைக்கு முந்தி ஒரு உண்மைய சொல்லணும்," என்றார். "மலர்ல கேட்டிருக்காங்க, சாம்பியன் நழுவினாரான்னு. கேள்விக்குறிய எடுத்துடுங்க. நழுவினேன். ஹபீலைக் கொறச்சுப் போடச் சொல்லி, செத்துப்போன ராக்கையா கணக்கப்பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு சீப்புப் பழம் குடுத்தேன். அஞ்சு கோப்பையும் அந்தப் பழத்துக்குக் கிடைச்சது."

ஹபீல் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான்.

"நானும்தான்," என்றான். "என்னையே கொறச்சிப் போடச் செல்லி பிஸ்கட் குடுத்த. இவர்ட பழத்துக்கு என்ட பிஸ்கட் கொறஞ்சது இல்ல."

"அதுக்காக வெக்கப்படுறேன்," என்றார் அழகமுத்து. "ஆனா பொய் சொல்ல மாட்டேன், நன்றியாவும் இருக்கேன். அந்தக் கோப்பையாலதான் எனக்கு வேலை கிடைச்சுது. சுந்தரி கிடைச்சா. இந்தா நிக்கிறானே, நாப்பது வருஷமா இவன் கிடைச்சான். மோதியிருந்தா ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கும் ஒருத்தன் போலீசுக்கும் போயிருப்போம். ரெண்டு பேரையும் காப்பாத்தின கணக்கப்பிள்ளை எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். சுந்தரி, நீ வீட்டுக்கு வந்து என்னய என்ன வேணா செய்யி."

எல்லார் கண்ணும் சுந்தரி மேல் போனது. அவள் எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"கோப்பையப் பாத்தது எங்கப்பா. நான் பாத்தது மூக்க. என்னயப் பொண்ணு பாக்க வந்த பொக்சிங்காரங்கள்ல மூக்கு நேரா இருந்தது இவரு ஒருத்தருக்குத்தான். அந்தக் கணக்கப்பிள்ளைக்கு நானும்தான் கடமைப்பட்டிருக்கேன்."

மண்டபம் சிரித்தது. கைதட்டில் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்னால் ஓடியது. அழகமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷ மூட்டை ஒன்று முதுகிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு.

வடிவம்மா மெல்ல நடந்துவந்து மைக்கைப் பிடித்தார்.

"நானு நன்றி சொல்லத்தான் வந்தேன். இந்த ரெண்டு தம்பிகளும் கொண்டாந்த பழத்தையும் பிஸ்கட்டையும் மறக்க ஏலாது. அப்ப எங்க வீட்டுல அஞ்சு புள்ளைங்க. அந்தக் காலத்துல பிஸ்கட்டு டின்னை நாங்க எங்க கண்டோம்? போட்டி மாசம் எப்ப வரும்னு புள்ளைங்க காத்துக் கெடக்கும். மூத்தவ இன்னிக்கு டீச்சர். அந்த டின்னுலதான் அவ சட்டிபிக்கட்டெல்லாம் வச்சிருக்கா. இந்தா, காட்டத்தான் கொண்டாந்தேன்."

துணிப்பையிலிருந்து துருப்பிடித்த ஒரு டின்னை எடுத்துக் காட்டினார். ஹபீல் தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையைத் தேடினான்.

"ஆனா தம்பிமாரே, நீங்க சொல்றது ஒண்ணும் சரியில்ல. அந்தப் பழத்தையும் பிஸ்கட்டையும் எங்க வீட்டுக்காரரு கண்ணாலயும் காணல. அவரு வேலையில இருந்து வர முந்தி நானும் புள்ளைங்களும் தின்னு முடிச்சிருவோம். அவருக்குத் தெரிஞ்சா திருப்பிக் குடுக்கச் சொல்லுவாரு. அதனால நீங்க சொல்லி விட்டதையும் நான் அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

அழகமுத்துவும் ஹபீலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துஷ்யந்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப எடை எப்படிக்கா கொறஞ்சுச்சு?" என்றார் அழகமுத்து.

வடிவம்மா, இதுகூடத் தெரியாதா என்பது போல அவரைப் பார்த்தார்.

"எடையா? அது உங்க எல்லாத்துக்கும்தான் கொறச்சாரு தம்பி, கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூணு. கட்டுன பொண்டாட்டி கொழுந்துலயே கழிக்காம எழுதாத மனுசன், உங்களுக்கு மட்டும் விட்டுக் குடுப்பாரா?"